நூற்றிரண்டாம் நம்பர் மஞ்சள்

பெயிண்டருக்கு உடம்பில் முதல் தடிப்பு கிளம்பியது ஒரு பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பறையில் இரண்டாவது கோட்டு அடித்துக்கொண்டிருந்தபோது. இடது முழங்கையில், சட்டைப் பொத்தான் அகலத்துக்கு ஒன்று. கொசுவாக இருக்கும் என்று விட்டுவிட்டார். மதியத்துக்குள் கழுத்து, முதுகு, இடுப்பு என்று பரவிவிட்டது. அரிப்புத் தாங்காமல் ஏணியில் நின்றபடியே சுவரில் முதுகைத் தேய்க்கப் போய், காலையிலிருந்து அடித்ததில் பாதி அவர் சட்டைக்கு வந்து சேர்ந்தது.

கூட வேலை பார்த்தது அவர் மனைவியின் தம்பி. நாற்பது வயது ஆள். "மாமா, போதும் இறங்குங்க. உதடு வேற வீங்குது" என்று ஏணியைப் பிடித்து இறக்கி, வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான்.

மனைவி ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். பத்தொன்பது வருஷமாக நான்காவது கவுண்டர். கடையில் எல்லோருக்கும் அவள் 'நாலாம் நம்பர்'. அந்தப் பெயர் வரக் காரணமே பெயிண்டர்தான். கடைக்குப் பெயிண்ட் அடிக்க வந்த நாட்களில், மற்ற கவுண்டர்கள் காலியாகக் கிடந்தாலும் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நாலாவது வரிசையில்தான் போய் நிற்பார். நாளைக்கு நாலு முறை. கூட இருந்த பெண்கள் "உன் ஆளு வந்தாச்சு, நாலாம் நம்பர்" என்று சிரிப்பார்கள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே ஒரு நாள் கேட்டாள்: "உங்க வீட்ல தண்ணியே வராதா?" அதற்கப்புறம் கல்யாணம் நடக்க அதிக நாள் ஆகவில்லை.

தோல் டாக்டர் முதலில் பெயிண்டரின் சட்டையைப் பார்த்தார். அப்புறம்தான் தடிப்பைப் பார்த்தார்.

"என்ன வேலை பண்றீங்க?"

"பெயிண்ட் அடிக்கிறேன் டாக்டர்."

"எத்தனை வருஷமா?"

"இருபத்தேழு."

"உடம்பு இப்பத்தான் வேண்டாம்னு சொல்லுது போல. ஒரு மாசம் பெயிண்ட் பக்கமே போகாதீங்க. தினம் ராத்திரி இந்த மாத்திரை ஒண்ணு போடுங்க, அரிப்பு அடங்கும்."

பெயிண்டர் வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்வது சரியில்லை; அவருக்கு உட்காரத் தெரியாது. நாள் முழுக்கச் சுவர் சுவராகப் போய் நின்று பார்ப்பார். எதிர் வீட்டுக்காரர் ஜன்னல் கம்பிக்கு யாரையோ வைத்துப் பெயிண்ட் அடித்தபோது, வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்துவிட்டு உள்ளே வந்து, "துருவைக் கூடச் சுரண்டல" என்று யாரோ செத்துப்போன மாதிரிச் சொன்னார்.

சாயங்காலம் தம்பி வந்து ஃபோனில் படம் காட்டுவான். "மாமா, இந்த ஷேடு சரியா இருக்கா?"

"ஃபோன்ல பார்த்தாக் கலர் எப்படிடா தெரியும்? பகல்ல பார்க்கணும், கிட்டப் போய்ப் பார்க்கணும்."

"நீங்கதான் வரக் கூடாதே."

இப்படியே கேட்டுக் கேட்டு அவன் கலந்ததில், பல் ஆஸ்பத்திரியில் மிச்சமிருந்த சுவர் அசல் ஈறு நிறத்தில் வந்து நின்றது. பல் டாக்டர் வாயைத் திறக்கவில்லையாம். உள்ளே வந்த நோயாளிகள்தான் திரும்பிப் போகப் பார்த்தார்களாம். அதைக் கேட்டு மனைவி வயிறு வலிக்கச் சிரித்தாள். பெயிண்டர் சிரிக்கவில்லை. அவர் முகம் தொங்கிப் போயிருந்ததைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

அவருக்கு உயிர் ஆரஞ்சு கிரீம் பிஸ்கட். ஆரஞ்சுத் தூள் கரைத்த ஜூஸும் பிடிக்கும். சின்ன வயதில் ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போனதோ என்னவோ, இரண்டு பிஸ்கட்டைப் பிரித்து நடுவிலிருக்கும் கிரீமை முதலில் வழித்துத் தின்பதில் அவருக்கு இன்னும் ஒரு குழந்தைச் சந்தோஷம் உண்டு. வேலை நாட்களில் வாரத்துக்கு ஒரு பாக்கெட் போதும். இப்போது அவள் தினம் ஒன்று வாங்கி வந்தாள். பாவம், வீட்டோடு கிடக்கிறார், வாய்க்காவது ருசியாக இருக்கட்டும் என்றுதான். தூள் டப்பாவும் ஒன்றுக்கு இரண்டாக வந்தது.

பெயிண்ட் பக்கமே போகாமல் ஒரு மாதம் போயிற்று. தடிப்பு குறையவில்லை. கூடியது. முன்பு கொசுக்கடி மாதிரி இருந்தது இப்போது உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்தது. டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டு, இருபத்தேழு வருஷப் பெயிண்ட் ஒரு மாதத்தில் உடம்பை விட்டுப் போகாது என்று சொல்லி, மாத்திரையைக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று ஆக்கினார். வேறு தொழில் பார்க்க முடியுமா என்றும் கேட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பெயிண்டர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எனக்கு வேற என்ன தெரியும்?" என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அந்தக் கையை மெல்ல விடுவித்து முழங்கையைச் சொறிந்துவிட்டு, திரும்ப அவள் கையிலேயே வைத்தார்.

அதற்கு மறுநாள் மதியம் ஒரு பெண் சின்ன மகளோடு நாலாவது கவுண்டருக்கு வந்தாள். கூடையிலிருந்த சாமானையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள்.

"கண்ணாடிய வீட்ல வச்சுட்டு வந்துட்டேன். இதுல கலர் சேர்த்திருக்கான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

ஆரஞ்சு கிரீம் பிஸ்கட். முன்பக்கம் நறுக்கிய ஆரஞ்சுப் பழம், சாறு தெறிக்கிற மாதிரிப் படம். 'அசல் பழத்தின் சுவை' என்று வளைத்து எழுதியிருந்தது. நாலாம் நம்பர் பாக்கெட்டைத் திருப்பினாள். பத்தொன்பது வருஷமாக எத்தனை பாக்கெட்டைத் திருப்பியிருப்பாள். எல்லாவற்றின் முதுகையும் ஸ்கேனருக்குத்தான் காட்டியிருக்கிறாளே தவிர, தான் ஒரு நாளும் பார்த்ததில்லை. எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

"மாவு, சர்க்கரை, எண்ணெய்... ம்... நிறம் நூத்தி ரெண்டு, நூத்திப் பத்து."

"நூத்தி ரெண்டா? அப்ப வேண்டாம்மா, ஒதுக்கி வச்சுருங்க. அந்த மஞ்சள் இவளுக்கு ஒத்துக்கறதில்ல. சாப்பிட்டாப் போதும், உடம்பெல்லாம் தடிச்சுப் போகுது."

"தடிச்சுன்னா... எப்படி?"

அந்தப் பெண் மகளின் கையில் தன் விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். "இப்படி இப்படி, தீவு தீவா. நாங்க முதல்ல சோப்புன்னு நெனச்சோம். அப்புறம் துணின்னு நெனச்சோம். இத கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆச்சு."

அவர்கள் போன பிறகு வரிசையில் நின்ற ஆள் இரண்டு முறை "அக்கா" என்று கூப்பிட்ட பிறகுதான் அவளுக்குக் காதில் விழுந்தது. அவள் கைப்பைக்குள் பெயிண்டருக்காக வாங்கி வைத்த பாக்கெட் இருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போய், தூள் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். நூற்றிரண்டு. தொண்டைக்கு என்று அவர் போட்டுக்கொள்ளும் ஆரஞ்சு மிட்டாய். நூற்றிரண்டு. எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"பெயிண்ட் இல்லங்க. நான்தான். நான் வாங்கிட்டு வந்து கொடுத்துக் கொடுத்துத்தான் உங்களுக்கு இப்படி ஆகுது."

விஷயத்தைக் கேட்டதும் பெயிண்டர் நம்பவில்லை. "பிஸ்கட்டா? டின் டின்னாப் பெயிண்ட்ட மூஞ்சில தெறிக்க விட்டிருக்கேன், ஒண்ணும் ஆகல. ஒரு பிஸ்கட் கிரீமா என்னப் படுக்க வச்சிருச்சு?" பாக்கெட்டை வாங்கி எட்டப் பிடித்துப் படித்தார். "நூத்தி ரெண்டுன்னா எங்க ஷேடு கார்டுல கடல் பச்சை."

"இது உங்க கார்டு இல்ல."

"நீ ஏன் அழற? நீ என்ன வேணும்னா கொடுத்த? நான் கேட்டேன், நீ கொடுத்த. கிரீம வழிச்சுத் தின்னது யாரு?"

டாக்டருக்கு ஃபோன் செய்தார்கள். "ரொம்பக் கொஞ்சம் பேருக்கு அப்படி இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மூணு வாரம் அந்தக் கலர் உடம்புக்குள்ளயே போகாமப் பாருங்க. தடிப்பு நின்னுச்சுன்னா இங்க வாங்க, நானே கொடுத்துச் சோதிச்சுப் பார்க்கிறேன். நீங்களா வீட்ல சோதனை பண்ணிடாதீங்க" என்றார்.

அன்றிலிருந்து நாலாம் நம்பர் கடை திறப்பதற்கு அரை மணி முன்னாலேயே வந்துவிடுவாள். ஆள் இல்லாத கடையில் ஒவ்வொரு அலமாரியாக, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். பார்க்கப் பார்க்க அவளுக்கே வியப்பாக இருந்தது. கண்ணைப் பறிக்கிற சிவப்பில் இருந்த ஜாமில் வெறும் பீட்ரூட் சாறுதான். சாதுவாக, பால் நிறத்தில் இருந்த வெனிலா வேஃபரில் நூற்றிரண்டு. கஸ்டர்ட் பவுடரில் இருந்தது, அது தெரிந்ததுதான். சூப் பாக்கெட்டிலும் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்? ஒரு நூடுல்ஸின் முன்பக்கம் 'செயற்கைச் சுவை இல்லை' என்று பெரிதாகப் போட்டிருந்தது. நிறத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அதைப் பின்பக்கம் போய்த் தேட வேண்டியிருந்தது. ஒரே கம்பெனியின் ஒரே பிஸ்கட், பெரிய பாக்கெட்டில் கலர் இல்லை, சின்னதில் இருந்தது. அதனால் போன வாரம் வாங்கினதுதானே என்று இந்த வாரம் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவும் முடியாது. எதையும் திருப்பிப் பார்க்காமல் கூடையில் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் சூப்பர்வைசர் அம்மாள் கேமராவில் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார். கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார்.

"ஸ்டாக் எடுக்கறியா, இல்ல பாக்கெட்டோட பேசிட்டு இருக்கியா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். சூப்பர்வைசர் அம்மாள் ஒரு பாக்கெட்டை எடுத்து, கை எட்டும் மட்டும் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இத யாரு படிக்கணும்னு இவ்வளவு சின்னதா எழுதியிருக்காங்க?" என்றார். அப்புறம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "நீ அந்தப் பக்கம் பாரு. நான் இதப் பார்க்கிறேன்" என்றார். கடை திறக்கும்வரை இரண்டு பேரும் எதிரெதிராக நின்று நம்பர்களை வாசித்தார்கள்.

அவள் கொண்டுவந்த புதிய பிஸ்கட் வெளிறிப் போய், அட்டை நிறத்தில் இருந்தது. பெயிண்டர் அதைப் பிரித்து உள்ளே பார்த்தார். கிரீமும் அதே நிறம்.

"என்ன, பிரைமரோட விட்டுட்டாங்களா? மேல் கோட்டு எங்க?"

"வாய மூடிட்டுச் சாப்பிடுங்க."

"எதாவது ஒண்ணு சொல்லு. வாய மூடணுமா, சாப்பிடணுமா?"

நாலு பிஸ்கட் சாப்பிட்டார். ருசி அதேதான் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மேலும் இரண்டு தேவைப்பட்டது.

இரண்டு வாரம் போயிற்று. தடிப்பு முன்னளவு இல்லை. ஆனால் நிற்கவும் இல்லை. காலையில் கொஞ்சம், ராத்திரி கொஞ்சம், கடிகாரம் பார்த்து வருகிற மாதிரி வந்தது. அவளுக்கு ஒரு சந்தேகம் உள்ளே ஊறிக்கொண்டே இருந்தது. தான் கடைக்குப் போன பிறகு, தெருமுனைக் கடையில் போய் வாங்கித் தின்கிறாரோ? ஒரு நாள் இரவுச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவும்போது, திரும்பாமலே கேட்டுவிட்டாள்.

"உண்மையச் சொல்லுங்க. எனக்குத் தெரியாம எதாவது சாப்பிடறீங்களா?"

திரும்பிப் பார்த்தாள். பெயிண்டர் தண்ணீர் டம்ளரும் மாத்திரையுமாக நின்றுகொண்டிருந்தார். கோபம் வந்தால் அவர் சத்தம் போடுகிறவர் இல்லை; குரல் இறங்கிவிடும்.

"பதினஞ்சு நாளா நீ எடுத்துக் கொடுக்கறதத் தவிர வேற ஒண்ணு என் வாயில போகல. தெருமுனைக்குக் கூட நான் போகல. நீ கஷ்டப்பட்டுத் தேடித் தேடி எடுத்துட்டு வர்ற. அதுல நான் ஏமாத்துவேனா?"

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனாள். ஆனால் அவர் அவளைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே நின்றதில், ஈரக் கையிலிருந்த மாத்திரை கரைந்து ஒரு சின்ன வட்டம் ஒட்டியிருந்தது. வெளிர் பச்சை.

"இந்தப் பச்சை..." என்றார். சுவரைப் பார்க்கும்போது வருகிற பார்வை அவர் கண்ணுக்கு வந்துவிட்டது. "ஒரு டிஷ்யூ பேப்பர் கொடு."

காகிதத்தை மேசையில் விரித்து, மாத்திரையை நடுவில் வைத்து, விரலால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். பச்சை மெல்லப் பரவியது. பரவப் பரவ அது பச்சையாக இல்லை. ஒரு ஓரம் நீலமாகவும் ஒரு ஓரம் மஞ்சளாகவும் பிரிந்தது.

"பச்சைன்னு தனியா எதும் கிடையாதும்மா. மஞ்சளும் நீலமும் கலந்தாப் பச்சை. இருபத்தேழு வருஷமா இதத்தான் கலக்கிட்டு இருக்கேன். தினம் ரெண்டு வேளை கையில எடுத்து முழுங்கறேன், எனக்குத் தெரியல பாரு."

அவள் மாத்திரை அட்டையைத் திருப்பினாள். மருந்தின் பெயர், தேதி, அவ்வளவுதான். கலரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. ஊரிலிருக்கிற பாக்கெட்டையெல்லாம் திருப்பிப் பார்த்தவள், அரிப்புக்குக் கொடுத்த மாத்திரையே அரிப்பைக் கொடுக்கும் என்று கனவிலாவது நினைத்திருப்பாளா?

"என்ன மன்னிச்சுருங்க" என்றாள்.

"எதுக்கு?"

"சந்தேகப்பட்டேன்ல."

"ஆமா, அது தப்புதான்" என்றார் பெயிண்டர், டிஷ்யூவிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த மஞ்சள் எவ்வளவு சுத்தமாப் பிரிஞ்சு வருது பாரேன்."

மறுநாள் மருந்துக் கடைக்காரர் உள்ளே போய், பெட்டியோடு வருகிற மடித்த காகிதத்தைத் தேடி எடுத்து, கடைசி வரிவரைக்கும் விரலை வைத்துப் படித்தார். "மேல் பூச்சுல இருக்கு. நூத்தி ரெண்டு, நூத்தி முப்பத்து மூணு" என்றார். டாக்டருக்கு ஃபோன் போட்டு அவரிடமே கேட்டு, அதே வேலையைச் செய்யும் வேறொரு மாத்திரையைக் கொடுத்தார். சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. ஆறாம் நாள் காலையில் பெயிண்டர் சட்டையைக் கழற்றிவிட்டு அவள் முன்னால் வந்து நின்று, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். முதுகில் ஒன்றும் இல்லை. அவள் முதுகு முழுக்கக் கையால் தடவிப் பார்த்தாள். பார்த்து முடித்த பிறகும் தடவிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சொன்னபடி மாத்திரையை நிறுத்தி, சில நாள் கழித்துச் சோதனைக்குப் போனார்கள். காலையிலிருந்து மாலைவரை அங்கேயே இருக்க வேண்டும். ஒரே மாதிரி மூன்று குப்பிகள், ஒவ்வொன்றிலும் உள்ளே இருப்பது தெரியாத ஒரு வெள்ளைக் கேப்சூல். எதில் கலர் இருக்கிறது என்று பெயிண்டருக்குச் சொல்ல மாட்டார்கள். உள்ளே அவரும் ஒரு நர்ஸும். வெளியே பெஞ்சில் அவள். முதல் குப்பிக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கும் ஒன்றுமில்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்றாவதிலும் ஒன்றும் வராமல் போனால் பழி திரும்பவும் பெயிண்ட் தலையில்தான் விழும். அவருக்கு அரிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்ன மாதிரியான மனைவித்தனம் என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

மாலை நாலரைக்குக் கதவு திறந்தது. பெயிண்டர் சட்டைப் பொத்தான்களைத் திறந்துபோட்டபடி, கழுத்திலிருந்து வயிறுவரை சிவந்து தடித்துப்போய், வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தார்.

"அரிக்குது" என்றார். "நல்லா அரிக்குது."

அவள் பெஞ்சிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நர்ஸ் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். பெயிண்டர் ஒரு கையால் வயிற்றைச் சொறிந்துகொண்டு, மறு கையால் மனைவியின் தலையைத் தடவிக்கொண்டு நின்றார். பின்னால் வந்த டாக்டர் வெள்ளை மாத்திரையை அவரிடம் கொடுத்தார்.

"தடிப்பு அடங்கற வரைக்கும் இங்கயே இருங்க. வேலைக்குத் தாராளமாப் போகலாம், பெயிண்ட் ஒரு பாவமும் பண்ணல" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அன்னைக்கு உங்க சட்டையப் பார்த்ததும் நான் முடிவு பண்ணிட்டேன். சாப்பாட்டப் பத்திக் கேட்டிருக்கணும்" என்றார்.

"சட்டை அப்படித்தான் டாக்டர் இருந்துச்சு" என்றார் பெயிண்டர்.

அடுத்த திங்கட்கிழமை தம்பி வண்டியோடு வந்து நின்றான். ஒரு பள்ளிக்கூடத்து மாடிப்படி வேலை. பெயிண்டர் ஆறு மணிக்கே எழுந்து, பிரஷ்களை இரண்டு முறை எடுத்து இரண்டு முறை பைக்குள் வைத்து, சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுக் கிளம்பி, பாதி வழியிலிருந்து திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்றைக்கு அவளுக்கு விடுமுறை. இரண்டு மாதத்துக்கு மேலாக அந்த வீட்டில் பகலெல்லாம் ஒரு ஆள் நடமாட்டம், ஒரு முணுமுணுப்பு, "இங்க வா, இந்த விரிசலப் பாரு" என்று ஒரு குரல். இப்போது குழாயை மூடினால் வேறு சத்தமே இல்லை. துணியை மடித்து வைத்தாள். மடித்ததை எடுத்துத் திரும்ப மடித்தாள். பன்னிரண்டு மணிவரை பொறுத்துப் பார்த்துவிட்டு ஃபோனை எடுத்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல."

"ஏணி மேல நிக்கிறேன்."

"சரி, நில்லுங்க."

அவர் ஃபோனை வைக்கவில்லை. பிரஷ் சுவரில் மேலும் கீழுமாகப் போய் வருவது அவளுக்குக் கேட்டது.